நாலு மூலைச் சந்தனம்

பத்மா வேலைக்கு எழுதிய பயோடேட்டாவில் நான்கு மூலைகளிலும் சந்தனப் பொட்டு இருந்தது. ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம். தைக் கிருத்திகையன்று அந்தத் தாளை ஒரு தட்டில் வெற்றிலை, பழம், பூவோடு வைத்து திருத்தணி மலைக்குக் கொண்டுபோயிருந்தாள். குருக்கள் அதைச் சுவாமியின் பாதத்தில் வைத்து எடுத்து, மூலைகளில் பொட்டு வைத்து, கொஞ்சம் விபூதியோடு அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது. வீட்டில் பூஜை அலமாரிதான் அதற்கு இடம். வேண்டும்போது பயபக்தியோடு எடுத்து வந்து, தாலுக்கா ஆபீசுக்கு எதிரே தன் பள்ளித்தோழி புவனா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துக்கொள்வாள்.

"இன்னாடி, மறுபடியும் அதே தாளா?" என்றாள் புவனா.

"ஆங். அதேதான். பத்து காப்பி குடு."

"நானே புதுசா டைப் அடிச்சித் தரேன்னு எத்தினி வாட்டி சொல்றது? இதைப் படிச்சா கோர்ட்டுல சத்தியம் பண்ற மாதிரி இருக்குது. இப்பல்லாம் யாரும் இப்படி எழுதறதில்ல."

"சாமி பாதத்துல வெச்சது புவனா. அதுல ஒரு எழுத்து மாத்தமாட்டேன்."

"சாமி இன்னா, ஸ்பெல்லிங் பார்த்தா கையெழுத்து போட்டாரு?"

"வாய மூடிகினு எடு."

புவனா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். நகல்களின் மூலைகளில் பொட்டுகள் கறுப்பாக விழுந்திருந்தன. பத்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். முருகனுடைய அடையாளம் ஒவ்வொரு தாளிலும் கூடவே வருகிறதே என்று அவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு பைக்குள் வைத்தாள்.

அவள் பி.காம். படித்தவள். படிப்பு முடிந்த வருஷமே டில்லிபாபுவுக்கு வாழ்க்கைப்பட்டு நெசவுக்காரத் தெருவுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருந்தாள். வீட்டின் முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். ஆந்திராவிலுள்ள புத்தூர் வியாபாரி நாகராஜன் நூல் அனுப்புவார். இவர்கள் லுங்கி நெய்து அனுப்புவார்கள். ஒரு வருஷமாக ஆர்டர் குறைந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் தறிகள் சும்மா நின்றன. சோமனூரில் பெரிய தறிக்கூடம் வைத்திருந்த டில்லிபாபுவின் அக்கா புருஷன் போன் செய்து, குடும்பத்தோடு வந்துவிடச் சொன்னார். இருக்க வீடு தருவதாகவும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தறியில் வேலை இருப்பதாகவும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அங்கே போனால் இங்கேயுள்ள தறிகளை விற்றுவிட வேண்டியதுதான். திரும்பி வர வழி கிடையாது.

வீட்டுக்கு மாதாமாதம் ஒரு சம்பளம் வந்தால், இருக்கிற அரை ஆர்டரை வைத்துக்கொண்டே தறியை ஓட்டிவிடலாம் என்பது பத்மாவின் கணக்கு. அந்தச் சம்பளத்தைத் தான் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

டில்லிபாபு யோசித்துப் பார்த்து அக்கா புருஷனிடம் தவணை கேட்டான். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சொல்லிடறேன் பாவா. பாப்பாவுக்கும் டி.சி. வாங்கணும் இல்ல?"

அந்தத் தவணைதான் பத்மாவுக்குக் கிடைத்த காலம். தை முடிந்ததிலிருந்து அவள் பஸ் ஏறி ஏறி இறங்கினாள். திருவள்ளூர் பக்கம், அரக்கோணம் பக்கம், கனகம்மாசத்திரம் தாண்டி ஹைவே ஓரத்துக் குடோன்கள் என்று ஒரு இடம் விடவில்லை. எந்த கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று பலகை தொங்கினாலும் இறங்கி, செக்யூரிட்டியிடம் தாளைக் கொடுத்து, "சார்கிட்ட சேர்த்துடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயிலும் வந்துவிட்டது. ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம், அவள் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ, பத்மாங்களா? திருத்தணி பத்மா? பி.காம்.?"

"ஆங், பத்மாதான் பேசறேன். நீங்க யாருங்க?"

எதிர்ப்பக்கத்தில் ஒரு இளம்பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள். "அப்பாடா! கெடச்சிட்டீங்க. என் பேரு மோனிகாங்க. கனகம்மாசத்திரம் தாண்டி குடோன் இருக்குது இல்லீங்களா, அங்க ஆபீஸ்ல இருக்கறேன். மாசியில கேட்ல ஒரு பயோடேட்டா குடுத்துட்டுப் போனீங்களே."

பத்மா நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "இன்டர்வியூவுங்களா?"

"இல்லீங்க. மன்னிச்சிக்கங்க. அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சி."

"அப்ப?"

"பழைய பேப்பரையெல்லாம் கிழிச்சிடச் சொன்னாங்க. கிழிச்சிகினே வந்தேன். உங்களுது கையில வந்திச்சி. மூலையில கறுப்பா இருக்குதே, மை கொட்டிகிச்சான்னு பார்த்தா நாலு மூலையிலயும் இருக்குது. சந்தனம் குங்குமம் வெச்சீங்களா?"

"ஆங். மலையில, பாதத்துல வெச்சி எடுத்தது."

"எங்கம்மாவும் எனக்கு இப்படித்தான் மஞ்சள் வெச்சிக் குடுத்தாங்க. அதான் கிழிக்க மனசு வரல. ஆனா ஒண்ணுங்க, மேல வலது பக்க மூலையிலதான் உங்க போன் நெம்பர் இருக்குது. பொட்டு அதுமேல விழுந்து கடைசி எண்ணே தெரியல. நாங்க கூப்பிடணும்னு நெனச்சிருந்தாலும் கூப்பிட்டிருக்க முடியாது. மத்த எடத்துலயும் இப்படியே குடுத்து வெச்சிருப்பீங்களோன்னு தோணிச்சி. சொல்லிடலாம்னு ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவரு தூக்கத்துல எழுப்பிட்டேன்னு திட்டினாரு. இன்னொருத்தரு, 'பத்மா என் பொண்டாட்டிதான், நீ யாரு, எதுக்கு அவளைத் தேடறே'ன்னு கேட்டாரு. அப்புறம் பார்த்தா அது ஆரணி பத்மா."

பத்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, இருக்கீங்களா? இன்னொண்ணும் சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அனுபவம்னு இருக்கற எடத்துல வெறும் கோடு போட்டிருக்கீங்க. எங்க சாரு முதல்ல அதைத்தான் பார்ப்பாரு. கோடு இருந்தா ஓரமா வெச்சிடுவாரு. நெஜமாவே எந்த வேலையும் செஞ்சதில்லீங்களா?"

"வீட்ல தறி வேலைதான்…" என்று பத்மா இழுத்தாள்.

"எதா இருந்தாலும் எழுதுங்கக்கா. சரி, சார் வராரு. வெச்சிடறேன்."

பத்மா பூஜை அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். அசல் தாளில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் கடைசி எண் மங்கலாகத் தெரிந்தது. மிச்சமிருந்த நகலை எடுத்துப் பார்த்தாள். அங்கே ஒரு கறுப்பு வட்டம்தான் இருந்தது. தன் எண்ணைத் தானே மனப்பாடமாகப் படித்துக்கொண்டதால் இத்தனை நாளாக அது அவள் கண்ணில் படவே இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, மலையடிவாரத்தில் கழற்றிப் போட்டாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தும் மலைப்படி காலைச் சுட்டது. 'உன் பாதத்துல வெச்சேனே, நீயே மறைச்சிட்டியே' என்று ஒவ்வொரு படிக்கும் கேட்டுக்கொண்டே ஏறினாள்.

முடி காணிக்கை மண்டபத்தருகே மூச்சு வாங்க நின்றாள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது. அப்போதுதான் மொட்டையடித்துக்கொண்ட பெண் ஒருத்தி, தலையெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தாள். இடுப்புவரை நீண்ட முடியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே ஒருத்தர் அதைக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "தேலிக்கா உந்தி" என்றாள். லேசாக இருக்கிறதாம்.

பத்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் பத்மா. எத்தனை ஆயிரம் மொட்டைகளைப் பார்த்திருப்பாள்! சாமிக்கு இறக்கிய முடியை யாராவது பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனதுண்டா? கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். அது மறுபடி முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தான்தான் கொடுத்ததை அவரிடமே விட்டுவிடாமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சாமி எதையும் மறைக்கவில்லை. அவர் அனுப்பிய ஒரு பெண், முகம் தெரியாதவள், யார் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு இன்றைக்கு அவளைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

சந்நிதியில் பத்மா அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டாள், இறங்கி வந்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் டில்லிபாபு சிரித்துவிட்டான். "அப்ப மூணு மாசமா ஊரெல்லாம் நெம்பர் இல்லாத தாளையா குடுத்துகினு வந்தே?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "சரி வுடு. எனக்கே தெரியலியே. எத்தினி வாட்டி அந்தத் தாளைக் கண்ணுல ஒத்திக்கினேன்."

"நாளைக்கிப் புதுசா எழுதப்போறேன். முதல்லேர்ந்து எல்லா எடத்துக்கும் போவப்போறேன்."

"பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் ஒரு மாசம்கூட இல்ல பத்மா."

"அதனாலதான் நாளைக்கே."

மறுநாள் காலையில் டில்லிபாபுவும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினான். புவனா விஷயம் தெரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நானேதாண்டி அத்தினி காப்பியும் எடுத்தேன். என் கண்ணு இன்னா அவிஞ்சா போச்சி? வா, உக்காரு. இன்னிக்கி இந்தத் தாளுக்குத் துட்டு வாங்கமாட்டேன்."

புவனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பெயர், முகவரி, போன் எண். எண்ணைப் பெரிதாக, தாளின் நடுவில், ஓரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி அடித்தாள். படிப்பு அடித்தாள். பிறகு "அனுபவம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

பத்மா திரையைப் பார்த்தாள். வீட்டுக்குள் செய்த வேலையை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் சொல்றேன், நீ டைப் அடி புவனா" என்றான் டில்லிபாபு. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். "நூல் வண்டி வந்தா மூட்டையை எடை போட்டு எறக்கறது யாரு? இவ. எத்தினி கிலோ வந்திச்சி, எத்தினி லுங்கி போச்சி, எவ்ளோ கழிவுன்னு எழுதி வெக்கறது? இவ. புத்தூர்க்காரங்ககிட்ட தெலுங்குல சண்டை போடறது?"

"சண்டையெல்லாம் இல்ல" என்றாள் பத்மா.

"சரி, பேசறது. லாரி டிரைவரு வழி தெரியாம பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு போன் பண்ணா, அவனுக்கு வழி சொல்லிக் கூட்டியாறது யாரு? எனக்குத் தெரிஞ்சது தறி ஓட்டறது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இவதான். கல்யாணம் ஆன மறுவருஷத்துலேர்ந்து."

சோமனூருக்குப் போவது அவனுக்குச் சுலபமான வழி. இருந்தும் அவன் சொல்லிக்கொண்டே போனான். பத்மா அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் இதையெல்லாம் கவனித்திருக்கிறான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புவனா மடமடவென்று அடித்தாள். சரக்கு வரவு, சரக்கு அனுப்புதல், இருப்புக் கணக்கு, தமிழ், தெலுங்கு. "கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்னு போட்டுடட்டா? எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"வேணாம். தெரிஞ்சதை மட்டும் போடு. கத்துகினு இருக்கறேன்னு போடு."

"எங்க கத்துகினு இருக்கறே?"

"நாளையிலேர்ந்து இங்கதான். மத்தியானம் நீ வீட்டுக்குப் போயி சாப்புட்டு வா. நான் கடையைப் பார்த்துக்கறேன், கூட்டம் இல்லாதப்ப டைப் அடிச்சிப் பழகறேன்."

புவனாவுக்குக் கண் விரிந்தது. கடை போட்ட நாளிலிருந்து அவள் மத்தியானச் சோற்றை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

விசாரித்துக்கொள்ள வெளியாள் ஒருவர் பெயர் வேண்டும் என்றாள் புவனா. பத்மா புத்தூர் நாகராஜனுக்குப் போன் போட்டாள். ஆர்டரைக் குறைத்தவர் அவர். என்ன சொல்வாரோ என்று தயக்கமாகத்தான் இருந்தது. அவர் முழுவதையும் கேட்கக்கூட இல்லை. "நா பேரு பெட்டுக்கோம்மா" என்றார். என் பேரைப் போட்டுக்கொள் அம்மா என்று அவர் சொன்னது பக்கத்திலிருந்த புவனாவுக்கும் கேட்டது, அடித்துவிட்டாள்.

ஒன்றல்ல, இரண்டு விதமாக எழுதினார்கள். குடோன் வேலைக்குக் கொடுப்பதில் சரக்கும் இருப்புக் கணக்கும் மேலே. ஜவுளிக்கடைக்குக் கொடுப்பதில் துணி பற்றித் தெரிந்ததும் தெலுங்கும் மேலே. "அவங்களுக்கு இன்னா வேணுமோ அதை முதல்ல காட்டணும். அதுக்காக இல்லாததைக் காட்டக் கூடாது" என்றாள் பத்மா. பழைய தாளை அவள் முருகன் படத்தின் காலடியில் வைத்துவிட்டாள். கொடுத்தது அங்கேயே இருக்கட்டும்.

பிறகு மறுபடியும் பஸ். மறுபடியும் அதே கேட்டுகள். அக்கினி வெயிலில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கேட்டில் செக்யூரிட்டி அவளைப் பார்த்ததும், "இன்னாம்மா, மறுபடியுமா?" என்றான்.

"ஆங், மறுபடியும்தாண்ணா. முதல்ல குடுத்ததைக் கிழிச்சிடுங்க. அதுல நெம்பரு தெரியாது."

"நெம்பரே இல்லாம வேலை கேட்ட ஆளு நீதாம்மா." அவன் சிரித்தான். ஆனால் இந்தத் தடவை தாளை மேஜையில் போடாமல், அங்கேயே உள்ளே எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வாரமே போன் வந்தது. திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனி. போனாள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் அடிக்கச் சொன்னார்கள்; விரல்கள் எழுத்தைத் தேடிக்கொண்டு நின்றன. பிறகு சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. அன்று மாலை நேராகப் புவனாவின் கடைக்குப் போய், அதே மாதிரி ஒரு பட்டியலை இருட்டும்வரை அடித்தாள். அடுத்து ஒரு ஜவுளிக்கடை கூப்பிட்டது. அங்கே ராத்திரிவரை நிற்க வேண்டும். கடைசி ரயிலும் போய்விடும். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வருத்தமாக இருந்தது, ஆனால் பயமாக இல்லை. மூன்று மாதம் ஊமையாக இருந்த போன் இப்போது பேசத் தொடங்கியிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது சோமனூரிலிருந்து பாவா கூப்பிட்டார். டில்லிபாபு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பத்மா அடுப்படியில் அசையாமல் நின்று கேட்டாள்.

"இல்ல பாவா… வேலை இன்னும் கெடைக்கல… ஆனா கூப்பிட்டுகினு கீறாங்க. நாளான்னிக்கிகூட அரக்கோணத்துல ஒரு எடம்… ஆங், தெரியும் பாவா. நீங்க வேற ஆளை வெச்சிக்கங்க. நாங்க வரல. அவ இவ்ளோ பாடு படறப்ப, நான் மூட்டை கட்டிகினு வந்தா நல்லா இருக்காது."

உள்ளே வந்தவன் அவளைப் பார்க்காமலே, "சோறு ஆச்சா?" என்றான்.

"இருந்த வழியையும் அடைச்சிட்டீங்களே. எனக்குக் கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா மறுபடியும் போவே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

அரக்கோணம் பக்கத்தில் அது ஒரு பிஸ்கட் குடோன். சித்தூர், புத்தூர் பக்கமெல்லாம் சரக்கு போகிறது. மேனேஜர் குணசேகரன் ஐம்பதை நெருங்கிய மனிதர். தாளை நிதானமாகப் படித்தார்.

"அனுபவம் எல்லாம் வீட்லதானா?"

"வீட்லதான் சார். ஆனா சரக்கு வீட்டுச் சரக்கு இல்ல. வியாபாரியோட சரக்கு. ஒரு கிலோ கொறைஞ்சாலும் நான் பதில் சொல்லணும்."

அவர் அவளெதிரிலேயே நாகராஜனின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நாகராஜன் தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் உரக்கப் பேசினார். "அந்தம்மா ஒரு மூட்டை கொறைஞ்சா வுடாது சார். ஒரு தபா எங்க ஆளு தப்பா ஒரு மூட்டை நூலு அதிகமா எறக்கிட்டுப் போயிட்டான். எனக்கே தெரியாது. அதே ராத்திரி போன் பண்ணி, வந்து எடுத்துகினு போன்னு சொல்லிச்சி. ஆர்டரு இல்லாம நானே கஷ்டத்துல கீறேன், இல்லன்னா அவங்களை வுட்டிருக்கமாட்டேன்."

பத்மாவுக்கு அது நினைவே இல்லை. எப்போதோ செய்த சின்னக் காரியம். அது புத்தூரில் ஒரு மனிதரின் மனத்தில் இத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது.

பட்டியல் அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். வேகமில்லை, தப்பும் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பாப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போதுதான் போன் வந்தது. அடுத்த திங்களிலிருந்து வரச் சொன்னார்கள். அவள் அங்கேயே ரோட்டோரம் நின்று, முதலில் டில்லிபாபுவுக்கு, அடுத்து மோனிகாவுக்குப் போன் செய்தாள். மோனிகாவுக்குக் கொஞ்ச நேரம் ஆள் பிடிபடவில்லை.

"சந்தனம் வெச்ச பத்மா" என்றாள் இவள்.

"அக்கா! கெடச்சிடிச்சா?" அந்தப் பக்கம் கத்திய கத்தலில், எதிரே வந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை வேலைக்கான ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். சாயங்காலம் டில்லிபாபு அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். முகம் பளிச்சென்றிருந்தது. "வர்ற கிருத்திகைக்கி மலைக்கிப் போலாம் பத்மா. இதைத் தட்டுல வெச்சி, பாதத்துல வெச்சி எடுத்துகினு வந்துடலாம்."

"போலாம்" என்றாள் பத்மா. "மொதல்ல புவனா கடையில ஒரு ஜெராக்ஸ் எடுத்துடலாம்."